கம்பியில் குத்திய கடிதங்கள்

1952இல் சென்னை ஜெமினி ஸ்டூடியோவுக்குள் ஓர் இளைஞர் தற்கொலைக்கு முயன்றார். வாய்ப்புக் கேட்டு வருடக்கணக்கில் அலைந்தும், முதலாளி எஸ். எஸ். வாசனின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை என்ற விரக்தி. முயல்வதற்கு முன் வாசன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். பிழைத்துக்கொண்டார். தற்கொலை முயற்சி அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே கூண்டில் ஏற வேண்டியிருந்தது. அங்கே அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையில் வைத்தார் என்றும், சுடுவதை நீங்கள் பார்க்கலாம், என் வலியை உணர முடியாது என்ற பொருள்பட நீதிபதியிடம் பேசினார் என்றும் ஒரு கதை உண்டு. அதே ஆண்டு வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது. அவர்தான் ஜே. பி. சந்திரபாபு.

இந்தக் கதையைச் சொல்லாத சினிமாப் பத்திரிகை தமிழில் இல்லை. எல்லோரும் தீக்குச்சியைச் சொல்கிறார்கள். கடிதத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. தூத்துக்குடி பெற்ற நடிகர்களில் ஆகப் புகழ்பெற்றவர் எழுதியவற்றுள் ஆகப் புகழ்பெற்ற கடிதம் அது. ஆனால் அது எல்லோர் வாயிலும் கதையாக இருக்கிறது, யார் கையிலும் காகிதமாக இல்லை.

கடிதத்துக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. எழுதியவரிடம் அது இருக்காது. கவிஞனின் கையெழுத்துப் பிரதி கவிஞன் வீட்டில் கிடக்கும், நாட்குறிப்பு எழுதியவர் அலமாரியில் இருக்கும். கடிதம் மட்டும் எழுதி முடித்த அன்றே வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. ஒரு நடிகரின் கடிதத் தொகுப்பு என்று நாம் சொல்வது, உண்மையில் அவரிடமிருந்து கடிதம் பெற்றவர்களின் பெட்டிகள் ஒன்றுசேர்ந்த கதை. பெற்றவர் பத்திரப்படுத்தவில்லை என்றால் எழுதியவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தும் பயனில்லை. இதைத் தூத்துக்குடிக் கரையைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் தமிழகத்தில் குறைவு.

இந்தக் கரையின் பதினாறாம் நூற்றாண்டு நமக்குத் தெரிவதே கடிதங்களால்தான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியரின் கடிதங்கள் 130க்கும் மேல் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் ரோமாபுரிக்கும் போர்த்துகல் மன்னனுக்கும் எழுதிய நீண்ட கடிதங்களைத்தான் வரலாற்றாசிரியர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தவை வேறு. 1544இல் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டணம் என்று ஊர் ஊராக நடந்துகொண்டே, தன் உதவியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய சின்னச் சின்னச் சீட்டுகள். பாதி அலுவல், பாதி புலம்பல். மக்களிடம் அன்பாக நடந்துகொள், பொறுமையை விட்டுவிடாதே, உன் செய்தியை விரிவாக எழுது என்று திரும்பத் திரும்பக் கேட்கும் சீட்டுகள்.

அந்த ஆண்டு ஜூன் மாதச் சீட்டு ஒன்றில், குமரி முனையில் வடுகர் படைக்கு அஞ்சிக் கடற்பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்த பரதவர்களுக்காக 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டதையும், எதிர்க்காற்று விடாததால் திரும்பியதையும் சொல்கிறார். 'தோணி' என்ற நம் சொல்லையே போர்த்துகீசிய எழுத்தில் போட்டு எழுதுகிறார். செப்டம்பரில் இன்னொன்று: தூத்துக்குடி மக்கள் எதிரே உள்ள தீவுகளுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் இல்லாமல் தவிக்கிறார்கள், உடனே தோணிகளில் தண்ணீரும் சோறும் கொண்டுபோ என்கிறார். அன்று காலை எழுதி அன்றே ஆள் கையில் கொடுத்தனுப்பிய அவசரம் அதில் இருக்கிறது. ஊர் வரலாறு எழுதுகிறோம் என்ற நினைப்பு துளியும் இல்லாமல் எழுதப்பட்ட ஊர் வரலாறு.

இவை எப்படி மிஞ்சின? மன்சிலாஸ் பெரிய படிப்பாளி இல்லை. பின்னாளில் மொலுக்கஸ் தீவுகளுக்குப் போகச் சொன்னபோது அவர் போகவில்லை. சேவியரே அவரைச் சபையிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்ட அந்த மனிதர் பெற்ற சீட்டுகளால்தான் 1544ஆம் ஆண்டின் தூத்துக்குடியை நாம் நாள்வாரியாகப் பார்க்கிறோம். கோபத்தில் அவர் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்?

ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்து அதே ஊர் சார்ந்த இன்னொரு கடிதக் குவியல். வ. உ. சிதம்பரனாரின் கடிதங்களைத் திரட்டி 1984இல் ஆ. இரா. வேங்கடாசலபதி நூலாக்கியபோது அவருக்கு வயது 17. பிறகு அவரே 'வ.உ.சியும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா' என்ற நூலில் ஒரு சிறிய பணப் பாக்கியின் கதையைக் கடிதங்களைக் கொண்டே நிறுவினார். சிறைமீண்ட வ.உ.சி.க்குத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணம் அது. 1915இலிருந்து கேள்வியும் பதிலும் நடந்து, 1916இல்தான் தொகை கைக்கு வந்தது. வறுமையில் இருந்த ஒரு பெருமகன் சுயமரியாதையை விடாமல் பணத்தை நினைவூட்டுவதும், எதிர்ப்பக்கம் விளக்கம் சொல்வதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, இரண்டு பேரும் சிலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். ஒரு பக்கக் கடிதங்கள் மட்டும் கிடைத்திருந்தால் அது வெறும் முறையீடாக இருந்திருக்கும்.

ஆக, ஊருக்குக் கடிதம் காக்கத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. பாதிரியார் கடிதத்துக்குத் திருச்சபை இருந்தது, தலைவர் கடிதத்துக்கு வாரிசும் ஆய்வாளரும் இருந்தார்கள். கூத்தாடியின் கடிதத்துக்கு யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

சந்திரபாபு 1927இல் தூத்துக்குடியில் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர். வைத்த பெயர் ஜோசப் பனிமயதாஸ். ஊரின் பனிமய மாதா பெயரால் வந்தது அது. சந்திரகுலம் என்ற குலப்பெயரிலிருந்து 'சந்திர'னை எடுத்து, வீட்டுச் செல்லப்பெயரான 'பாபு'வை ஒட்டிக்கொண்டார். தந்தை ஜே. பி. ரொட்ரிகஸ் விடுதலைப் போராட்டக்காரர், 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகை நடத்தியவர். ஆங்கிலேய அரசின் நெருக்கடியில் குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. சந்திரபாபு படித்தது அங்கேதான். 1943இல் சென்னை. 1947இல் 'தன அமராவதி'யில் சிறு வேடம். பிறகு 'சபாஷ் மீனா', 'கவலை இல்லாத மனிதன்', தானே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்'. 1974 மார்ச்சில், 46 வயதில் மரணம்.

மூன்று ஊர், நடுவில் ஒரு கடல். கடிதம் பிறக்க இதைவிடத் தோதான வாழ்க்கை எது? கொழும்பும் தூத்துக்குடியும் அந்தக் காலத்தில் அடுத்தடுத்த தெருக்கள் மாதிரி. 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் தூத்துக்குடிக்கு வந்துதான் நின்றது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு. ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிய பிறகும் தோணிக்காரர்கள் போக்குவரத்தை விடவில்லை. சரக்கோடு சீட்டும், சீட்டோடு கருவாட்டுப் பொட்டலமும் போய் வந்தன. கடற்கரைத் தெருக்களில் கொழும்பு முத்திரை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு பின்னணியில் வளர்ந்து, மேல்நாட்டு யோடலிங் பாணியைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்த ஒரு மனிதர் யார் யாருக்கு என்னென்ன எழுதியிருப்பார்? முகில் எழுதிய 'சந்திரபாபு: கண்ணீரும் புன்னகையும்' என்ற வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான். நண்பர்கள் சொன்னதும், பத்திரிகைகள் சொன்னதும், அவரே பேட்டிகளில் சொன்னதும் நம்மிடம் இருக்கின்றன. யாரும் பார்க்காத நேரத்தில், ஒரே ஒருவருக்காக அவர் சொன்னது இல்லை.

அது இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. குரு தத். 'பியாசா'வும் 'காகஸ் கே பூல்'உம் தந்த நடிகர், இயக்குநர். 1964 அக்டோபரில், 39 வயதில் இறந்தார். அவருடைய 37 கடிதங்களை நஸ்ரீன் முன்னி கபீர் தொகுத்து 2006இல் வெளியிட்டார். 1951க்கும் 1962க்கும் இடையே மனைவி கீதா தத்துக்கும் மகன்கள் தருண், அருண் இருவருக்கும் எழுதியவை. 'பாஜி' படத்தின் பாடல் ஒலிப்பதிவில் இருவரும் சந்தித்தபோது கீதா ராய் பெயர் பெற்ற பின்னணிப் பாடகி. குரு தத்தோ அப்போதுதான் முதல் படம் இயக்கிக்கொண்டிருந்தவர். 1953இல் திருமணம். பிறகு அந்த இல்லறம் எப்படிப் போயிற்று என்பது ஊரறிந்த கதை. 'காகஸ் கே பூல்' அவருடைய சொந்த வாழ்க்கைதான் என்று சத்தியம் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கடிதங்கள் அந்தச் சத்தியத்தைக் கொஞ்சம் கலைக்கின்றன. மேதை, துயரன் என்ற இரண்டே வண்ணத்தில் தீட்டப்பட்ட ஆள், இங்கே மனைவியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு சாதாரணக் கணவனாக, பிள்ளைகளுக்கு எழுதும் தகப்பனாக வருகிறார். புராணத்துக்கு உதவாத இந்தச் சாதாரணம்தான் கடிதத் தொகுப்பின் பெரிய கொடை என்று நினைக்கிறேன். ரகசியம் கிடைக்கும் என்று திறப்பவர்களுக்கு ஏமாற்றமே.

அந்த நூலில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று. 37ம் குரு தத் எழுதியவை. அவர் இறந்த பிறகும், உறவு கசந்த பிறகும் அவற்றைத் தூக்கி எறியாமல் இருந்த வீடு கீதாவின் வீடு. 1972இல் அவரும் போனார். கடிதங்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. காத்தவருடைய குரல் மட்டும் தொகுப்பில் இல்லை. ஆயிரம் பாட்டில் கேட்ட குரல் இதில் ஊமை. தமிழிலும் இதே கதைதான். 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனே போய்க் காசநோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்த புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களை இளையபாரதி 'கண்மணி கமலாவுக்கு' என்று தொகுத்தார். சினிமாவை நம்பிப் போன எழுத்தாளன் வாடகைக்கும் மருந்துக்கும் கணக்குப் போடும் பக்கங்கள் அவை. கமலா காத்தார், நாம் படிக்கிறோம். கமலா எழுதிய பதில்களை வைத்துக்கொள்ளும் நிலையில் புதுமைப்பித்தன் இல்லை. பெரும்பாலும் பெண்கள் காப்பதும், காத்தவர்களின் எழுத்து காணாமல் போவதும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இரண்டு பக்கமும் கிடைப்பது அபூர்வம். ஹெமிங்வே நடிகை மார்லீன் டீட்ரிச்சுக்கு எழுதிய 30 கடிதங்களை, டீட்ரிச்சின் மகள் பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்துக்குக் கொடுத்தார்; 2007இல் அவை வெளிச்சத்துக்கு வந்தன. டீட்ரிச் ஹெமிங்வேக்கு எழுதியவை ஏற்கெனவே அதே நூலகத்தில் இருந்தன. டீட்ரிச்சின் மற்ற உடைமைகளைப் பெர்லின் நகரம் 1993இல் விலைக்கு வாங்கியது. உடை, பெட்டி, தந்தி, கடிதம் எல்லாம் சேர்த்து. ஒரு நடிகையின் காகிதத்துக்கு ஒரு நகராட்சி பணம் ஒதுக்குவதை நம்மூரில் கற்பனை செய்துபாருங்கள். ஆனாலும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பிலிம் நியூஸ் ஆனந்தன் சேர்த்த சினிமாச் சேகரிப்பைத் தமிழக அரசு வாங்கியது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவற்றைக் கொண்டு 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமே எழுந்தது. நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சுவரொட்டி எல்லாம் பிழைத்துவிட்டன. அச்சானவை பிழைக்கும், ஏனென்றால் அவை ஆயிரக்கணக்கில் பிறந்தவை. கடிதம் ஒற்றைப் பிள்ளை.

தமிழ்ச் சினிமாவில் கடிதத்தைக் கண்டு ஒரு பயமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1940களில் லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' நடத்தி நட்சத்திரங்களின் அந்தரங்கத்தைக் காசாக்கியபோது, எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு மனுக் கொடுத்து அதன் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் 'இந்து நேசன்' என்று வேறு பெயரில் வந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் சிறைக்குப் போய், 1947இல்தான் வெளியே வந்தார்கள். அதைக் கண்ணால் கண்ட தலைமுறை, கைப்பட எழுதிய தாளை வீட்டில் விட்டுவைக்க யோசித்திருக்கும். ரசிகர்களுக்காகச் சொல்ல வேண்டியதைப் பத்திரிகைத் தொடராகச் சொன்னார்கள், எம்.ஜி.ஆரின் 'நான் ஏன் பிறந்தேன்' அப்படி வந்ததுதான். லட்சம் பேர் படிப்பார்கள் என்று தெரிந்து எழுதுவது வேறு.

சந்திரபாபு விஷயத்தில் இன்னொரு காரணம், கடன். எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்து அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. ஆசையாகக் கட்டிய, மாடிவரை கார் ஏறும் வீடு கைவிட்டுப் போயிற்று. வீடு கைமாறும்போது கட்டிலும் பீரோவும் வண்டியேறும். காகிதம் தெருவில் நிற்கும், பிறகு பழைய பேப்பர்காரர் தராசில். அவருக்கு வந்த கடிதங்கள் அப்படிப் போயிருக்கலாம். ஆனால் அவர் எழுதியவை அந்த வீட்டில் இருந்ததே இல்லையே!

அவற்றைத் தேட வேண்டிய இடம், எங்கள் வீடு மாதிரியான வீடுகள்தான். என் அம்மாவின் வீடு தூத்துக்குடியில். வராந்தாச் சுவரில் ஆணியில் ஒரு கம்பி தொங்கும். மேல்முனை கொக்கியாக வளைந்து கூராக இருக்கும், கீழ்முனையில் வட்டமாக ஒரு மரத்துண்டு. வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் தாத்தா அதில் குத்திவிடுவார். கார்டு, இன்லேண்ட் லெட்டர், கரண்டு ரசீது, கொழும்பிலிருந்து வந்த நீல ஏர்மெயில், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. எங்கள் குடும்ப ஆவணக் காப்பகம் அதுதான். ஒவ்வொரு தாளின் நடுவிலும் ஓர் ஓட்டை, ஏதோ ஒரு சொல்லைத் தின்றிருக்கும். உப்பளத்துக் காற்று அந்த ஓட்டையைச் சுற்றித் துருவை வட்டமாகப் பரப்பும். மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதங்கள் மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் போகும். சாவுச் செய்தி வந்த கார்டு வாசலிலேயே கிழிபடும். வீட்டுக்குள் வரக் கூடாது. ஆகவே அந்தக் கம்பியை நம்பி எங்கள் வம்சாவளி எழுதினால், யாருமே இறக்கவில்லை என்றுதான் முடிக்க வேண்டியிருக்கும். கடிதத் தொகுப்பு எதைப் படித்தாலும், எதை வாசலிலேயே கிழித்தார்கள் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு அந்தக் கம்பியால் வந்தது.

கொழும்புப் பக்கத்துப் பெட்டிகளின் கதை இன்னும் மோசம். 1983 ஜூலையில் எரிந்த தமிழர் வீடுகளோடு என்னென்ன காகிதங்கள் எரிந்தன என்பதற்குக் கணக்கு ஏது?

சரி, ஒரு பெட்டி கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அச்சிடலாமா? இங்கே சட்டம் ஒரு வேடிக்கை செய்கிறது. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துச் சலாபங்களில் (1955 முதல் 1961 வரை நடந்தவையே கடைசித் தொடர்) சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர் கரையில் வேலியடைத்த இடத்தில் குவித்து அழுகவிட்டு, கழுவிப் பார்ப்பார். முத்து இருந்தால் அவர் பாடு கொண்டாட்டம், இல்லாவிட்டால் நாற்றம் மட்டும் மிச்சம். சிப்பி யாருடையதோ முத்தும் அவருடையது. கடிதத்தில் அப்படி இல்லை. தாள் பெற்றவருக்குச் சொந்தம். விற்கலாம், ஏலம் விடலாம், கிழித்தும் போடலாம். எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். 1741இல் ஆங்கிலக் கவிஞர் போப், தன் கடிதங்களைக் கேட்காமல் அச்சிட்ட கர்ல் என்ற பதிப்பாளர்மீது போட்ட வழக்கில் தீர்ந்த விஷயம் இது. ஏலத்தில் நடிகரின் கடிதத்தை வாங்குபவர் வாங்குவது சிப்பியை மட்டும்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இன்னும் ஒரு முடிச்சு. எழுதியவர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அவர் இறந்த பிறகு 60 ஆண்டு உரிமை. வெளியாகாமல் கிடந்த எழுத்துக்கோ, அது முதலில் அச்சேறிய பிறகுதான் 60 ஆண்டு எண்ணத் தொடங்கும். 2006இல் வந்த குரு தத் கடிதங்களுக்கு 2066 முடியும்வரை. சந்திரபாபு கடிதம் ஏதாவது ஒரு பெட்டியில் இருந்தால், அதன் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. பெட்டி வைத்திருப்பவரும் வாரிசும் சேர்ந்து ஒப்பினால்தான் அது வெளியே வரும். தாமதமாகும்தான். சந்திரபாபுவின் மணமுறிவைப் பத்திரிகைகள் அரைநூற்றாண்டாக மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தால், இந்தத் தாமதம் எனக்கு அநியாயமாகத் தோன்றவில்லை.

வாசனுக்கு எழுதிய கடிதத்துக்கு வருவோம். அது வாசன் பெயருக்கு எழுதப்பட்டது; ஆனால் வழக்கு என்று ஆனபின், காவல் நிலையமும் நீதிமன்றமும் பார்த்திருக்கக்கூடிய தாள். வாசன் 1969இல் மறைந்தார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல். கீழ்க்கோர்ட்டுக் கட்டுகளை ஆண்டு கழிந்ததும் அழித்துவிடுவது வழக்கம். அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்: கூடப் பழகிய இசைக்காரர்கள், பாட்டெழுதியவர்கள், படம் எடுத்தவர்கள் வீடுகள், கொழும்பு உறவுகள், பனிமய மாதா கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள்.

போன ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கம்பி அதே ஆணியில்தான் இருந்தது. மேலே கேபிள் டிவி ரசீதும் கேஸ் சீட்டும். அவற்றுக்குக் கீழே இன்லேண்டின் வெளிர்நீலம், இன்னும் கீழே கொழும்பு முத்திரை வட்டத்தின் ஒரு கால்பங்கு. இழுத்தால் பொடியாகிவிடும் என்று அத்தை தடுத்தாள். கொறடு வைத்து அடிமரத்தைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்பக்கமாக உருவலாம் என்று யோசனை சொன்னேன். சரி, நாளைக்குப் பார்ப்போம், முதலில் பூச்சிக்கு வசம்பு வாங்கி வா என்று கடைக்கு அனுப்பினாள்.